கையைக் காக்கும் சிவப்புக் குமிழ்

கண்டி மாநகருக்கு அணித்தாயுள்ள ஹந்தானைக் குன்றிலே, 1925ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற தேயிலைத் தொழிற்சாலை ஒன்று, 2001ஆம் ஆண்டு முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. அங்குள்ள பழைய யந்திரங்களைக் காண்போர், அவற்றின் ஆற்றலை வியப்பதோடு, அவற்றினருகே நின்று உழைத்தோரின் கைகளையும் நினைத்தல் தகும்.

ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில், 1867ஆம் ஆண்டு 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டவர் ஜேம்ஸ் டெயிலர். ஆதியில் கொழுந்து கையாலேயே உருட்டப்பட்டது. 1872ஆம் ஆண்டளவில் அவர் உருட்டும் யந்திரமொன்றை அமைத்தார். கையின் வேலையை யந்திரம் ஏற்றுக்கொண்டது. அக்கையை யந்திரத்தினின்றும் காப்பது எவ்வாறு என்னும் வினாவும் உடன்பிறந்தது.

முற்காலத்தில் ஒரே எஞ்சின் நீண்ட அச்சுத்தண்டைச் சுழற்ற, வார்ப்பட்டிகள் வாயிலாக யந்திரங்கள் பலவும் இயங்கின. ஒருவருடைய ஆடை வாரிற் சிக்கினால், எஞ்சின் அறைக்குக் குரல் எட்டுமுன் தீங்கு நிகழ்ந்துவிடும். ஆதலால், 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், வேலை நடைபெறும் ஒவ்வோர் அறையிலும் அச்சுத்தண்டுக்குச் செல்லும் விசையை உடனே துண்டிக்கும் சாதனம் இருத்தல் வேண்டுமென விதித்தது.

இன்று யந்திரந்தோறும் தனித்தனி மோட்டார் உண்டு. அச்சாதனமும் மஞ்சட் பின்னணியில் அமைந்த சிவப்புக் குமிழாக உருமாறியிருக்கின்றது. அதற்குரிய இலக்கணத்தை ஐ.எஸ்.ஓ. 13850 என்னும் சர்வதேச நியமம் வகுத்துரைக்கின்றது.

அக்குமிழின் மின்சுற்று எப்போதும் மூடியிருத்தல் வேண்டும். அழுத்தும்போது அது திறந்து மின்னோட்டம் அறும். அழுத்தினால் மின்சாரம் பாயும்படி அமைத்தால் என்ன குறை? எலி கடித்துக் கம்பி அறுந்திருப்பினும் எவரும் அறியார். ஆபத்து வந்த வேளையிலேதான் உண்மை வெளிப்படும். மூடிய சுற்றிலோ, கம்பி அறுந்த அக்கணமே யந்திரம் நின்று, தன் பழுதைத் தானே அறிவித்துவிடும்.

அழுத்திய குமிழ் அழுந்தியபடியே நிற்றல் வேண்டும். அதனை விடுவித்த மாத்திரத்தில் யந்திரம் ஓடலாகாது. ஓட்டுவதற்கு வேறொரு பொத்தான் வேண்டும். மின்வெட்டு நீங்கி மின்சாரம் மீளும்போதும் யந்திரம் தானாகத் தொடங்கலாகாது; அந்நேரத்தில் ஒருவரது கை உள்ளே இருத்தல் கூடும்.

கொழுந்தை நறுக்கிக் கிழிக்கும் ‘சி.டி.சி.’ யந்திரத்தில், பற்களுடைய இரண்டு உருளைகள் ஏறத்தாழ ஒன்றுக்குப் பத்து என்னும் வேகத்தில் எதிரெதிராகச் சுழல்கின்றன. ஒரு கை சிக்கினால், மற்றைக் கைக்கு எட்டுமிடத்திற் குமிழ் இல்லாவிடின் யாது பயன்? எட்டினும், மின்சாரம் அற்றபின் கனத்த உருளைகள் தம் உந்தத்தாற் சிறிது நேரம் சுழன்றே ஓயும். ஆகவே குமிழ் காப்பு மூடிக்கு ஈடாகாது. துப்புரவு செய்யும்போது பிரதான ஆளியை நிறுத்திப் பூட்டி, திறவுகோலைத் துப்புரவு செய்பவரே வைத்திருத்தல் வேண்டும்.

குமிழை ஒழுங்காகச் சோதித்தலும், கொழுந்துச் சாக்குகள் அதனை மறையாமற் பார்த்தலும் மேற்பார்வையாளரின் கடன். இவற்றினும் மேலானதொன்று உண்டு: ஐயத்தால் குமிழை அழுத்திய தொழிலாளியை, வேலை தடைப்பட்டதென்று ஒருவரும் கடிந்துரைக்கலாகாது. ஒருமுறை ஏச்சுக் கேட்ட கை, மறுமுறை தயங்கும். தயங்கிய அக்கணத்திலேயே விரல் போய்விடும். கொய்த கொழுந்து மீண்டும் துளிர்க்கும். இழந்த விரல் துளிர்ப்பதில்லை.