சொன்னது நடந்ததா?



யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பமொன்றில் ஒருவர் மோசம் போனால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு உறவினர் கீரிமலைக்குப் போவார்கள். கடல் அலை அடிக்கிற இடத்தை ஒட்டியே சுண்ணக்கல்லுக்குள்ளிருந்து நல்ல தண்ணீர் ஊறி நிற்கும் கேணி. பக்கத்தில் நகுலேச்சரம். பிறகு ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் தகப்பனை இழந்தவர்கள் அங்கே போய் நீராடிப் பிதிர்க்கடன் செய்வார்கள். இதற்கெல்லாம் முதலில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: ஆள் இறந்துவிட்டார் என்பது. வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரக்கணக்கான வீடுகளில் அது இன்றுவரை தெரியாது. 1996இல் யாழ்ப்பாணத்தில் பிடித்துச் செல்லப்பட்டவர்கள், 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் குடும்பத்தார் கண்முன்னே சரணடைந்தவர்கள், இடையில் வெள்ளை வானில் ஏற்றப்பட்டவர்கள். காணாமற் போனவர்களைப் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழுவுக்கு மட்டும் 20,000க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் வந்தன. காணாமற் போன படையினரின் குடும்பங்கள் கொடுத்தவையும் அதில் அடக்கம்.

தெரியாத அந்த இடத்துக்குள்தான் வாக்குச் சொல்பவர்கள் வருகிறார்கள். ஏடு பார்க்கிற சாத்திரி வருகிறார். கோயிலில் உரு வந்து சொல்பவர் வருகிறார். அண்மைக் காலத்தில், ஜெபக் கூட்டத்தில் கையை உயர்த்தி, "தேவன் எனக்குக் காட்டுகிறார், உன் மகன் உயிரோடு இருக்கிறான்" என்று சொல்லும் தீர்க்கதரிசன ஊழியரும் வருகிறார். தாய் அதை நம்புகிறாள். அவள் நம்பியதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் சொன்னவரிடம், சொன்னது நடந்ததா என்று யாராவது திரும்பப் போய்க் கேட்டிருக்கிறோமா? இன்றைய உரை அதைப் பற்றியது.

இப்படிக் கேட்பது தெய்வ நிந்தனை என்று சிலர் பயப்படுகிறார்கள். கேட்கச் சொல்வதே வேதாகமம்தான். உபாகமம் பதினெட்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஒருவன் ஆண்டவரின் பெயரால் ஒன்றைச் சொல்லி, அது நடக்காமற் போனால், அது அவனுடைய சொந்தப் பேச்சு, அவனுக்கு அஞ்சவேண்டாம் என்பது அங்கே உள்ள விதி. அதற்கு முன்னால், பதின்மூன்றாம் அதிகாரத்தில், இன்னும் கடுமையான ஒன்று இருக்கிறது. சொன்ன அடையாளம் பலித்துவிட்டாலுங்கூட, அவன் உன்னைத் தப்பான வழியில் இழுத்தால் பின்னாலே போகாதே என்கிறது. அக்காலத்தில் அதற்கு விதித்த தண்டனை கொடியது, அது நமக்கு வேண்டாம். பரிசோதனை வேண்டும்.

அந்தப் பரிசோதனை நடந்த ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் கீரிமலைச் சனங்களுக்கு அது மிக நெருக்கமானது.

கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டின் தொடக்கம். எருசலேமின் அரசனையும் பெருந்தொகையான சனங்களையும் பாபிலோனியர் சிறைபிடித்துக் கொண்டு போய்விட்டார்கள். அந்நேரம் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று, இரண்டு வருடத்துக்குள் எல்லோரும் திரும்பி வருவார்கள் என்று அறிவித்தான். சனங்கள் கேட்கத் தவித்த சொல் அது. எரேமியாவும் அங்கே இருந்தார். அப்படியே ஆகட்டும் என்றுதான் அவரும் சொன்னார், அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் சமாதானம் வரும் என்று சொல்பவனை, அது வந்த பிறகுதான் ஆண்டவர் அனுப்பியவன் என்று அறியலாம் என்று ஒரு நிபந்தனையையும் போட்டார். இரண்டு வருடம் போனது. ஒருவரும் திரும்பவில்லை. சில வருடங்களில் எருசலேமே எரிந்தது. எரேமியாவோ பாபிலோனில் இருந்தவர்களுக்குக் கடிதம் எழுதினார்: வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நாள் செல்லும்.

1990 யூன் மாதம் போர் மறுபடி வெடித்தபோது கீரிமலை, மாவிட்டபுரம், காங்கேசன்துறைப் பக்கத்துச் சனங்கள் கையில் எடுத்ததோடு வெளிக்கிட்டார்கள். அந்த வருடம் ஒக்ரோபரில் நகுலேச்சரத்தின் மேல் குண்டு விழுந்தது. ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது. சில கிழமைகளில் திரும்பிவிடலாம் என்று நினைத்தவர்கள் சுன்னாகத்திலும் மல்லாகத்திலும் முகாம்களில் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தார்கள். முகாமில் பிறந்த பிள்ளை முகாமிலேயே தாயானாள். காணிகள் துண்டு துண்டாகத்தான் விடுபட்டன. "அடுத்த சித்திரைக்கு ஊரில் இருப்பீர்கள்" என்று அப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஒருவர் வாக்குச் சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கூரைக்குத் தகரம் போடுவதை ஒத்திவைப்பார்கள். கிணறு வெட்டமாட்டார்கள். பிள்ளையை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதையும் ஊருக்குப் போன பிறகு பார்க்கலாம் என்று விடுவார்கள். இனிப்பான பொய்யின் விலையைச் சொன்னவர் கொடுப்பதில்லை. அனனியாவின் சொல்லை எரேமியா எதிர்த்ததன் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அனனியாவிடம் ஒரு நேர்மை இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். அவன் தவணை கொடுத்தான். இரண்டு வருடம் என்றான். அதனால்தான் அவன் சொன்னது பொய் என்று தெரிந்தது.

தவணை கொடுத்துப் பார்த்த ஒரு சோதனை நம்முடைய மண்ணிலேயே நடந்திருக்கிறது. 1816இல் கீரிமலைக்குக் கிட்ட உள்ள தெல்லிப்பழைக்கு வந்த அமெரிக்க மிசனரி டானியல் பூர், பின்னர் வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவரானார். அராலியில் பரம்பரையாகப் பஞ்சாங்கம் கணித்து வந்தவர் விசுவநாத சாஸ்திரியார். 1829 மார்ச் மாதத்துச் சந்திர கிரகணத்தைச் சாஸ்திரியார் தம் பஞ்சாங்கத்தில் குறித்திருந்தார். பூர் அதை ஆங்கில வானியற் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார். தொடங்கும் நேரத்தில் கால் மணித்தியால வித்தியாசம் இருந்தது. நீடிக்கும் நேரத்திலும் மறையும் அளவிலும் வித்தியாசம் இருந்தது. அவர் அதை முன்கூட்டியே ஊருக்கு அறிவித்தார். அன்றிரவு ஆட்கள் கூடிப் பார்த்தார்கள். சந்திரன் செமினரிக் கணக்கின்படி மறைந்தது.

எனக்கு இந்தச் சம்பவத்தில் பிடித்தது யார் வென்றார் என்பது அல்ல. இரண்டு பேரும் முதலே எழுதிவைத்தார்கள், இரண்டு பேரும் மணியோடு சொன்னார்கள், ஊரே சாட்சி. சாஸ்திரியாரின் கணக்கும் சாதாரணமானதல்ல. தலைமுறை தலைமுறையாக வந்த வாய்பாட்டைக் கொண்டு கால் மணித்தியாலம் கிட்ட வந்தவர் அவர். மிசனரிமார் அந்த வெற்றியைக் கொண்டு தங்கள் சமயமே மெய் என்று காட்டப் பார்த்தார்கள். அது நியாயமில்லை. கிரகணக் கணக்குச் சரியாக இருப்பதால் ஒருவருடைய கடவுள் மெய்யாகிவிடுவதில்லை.

ஏனென்றால், மிசனரிமார் வந்த அதே நாட்டில், அதே காலத்தில், வில்லியம் மில்லர் என்ற போதகர் வேதாகமத்து எண்களைக் கூட்டிக் கழித்து, கிறிஸ்து வரப்போகும் காலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியாக அவரைச் சேர்ந்தவர்கள் 1844 ஒக்ரோபர் 22 என்று நாள் குறித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். விடிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர்களில் ஒரு பகுதியினர், நாள் சரிதான், நடந்தது வானத்தில், மனிதக் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார்கள்.

நமக்குக் கிட்டவும் இது நடந்தது. பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் 1835இல் பிறந்த இராமையன், கிறிஸ்தவராகி யுஸ்துஸ் யோசேப்பு என்ற பெயரில் திருவிதாங்கூரில் குருவானவராக இருந்தார். அவர் எழுதிய பாடல்களைக் கேரளச் சபைகளில் இன்றும் பாடுகிறார்கள். 1875இல், ஆறு வருடத்தில், அதாவது 1881இல், கிறிஸ்து வருவார் என்ற வாக்கு அவருடைய கூட்டத்திலிருந்து எழுந்தது. 1881 வந்து போனது. வாக்குப் பிழைத்தது என்று கூட்டம் கலைந்துவிடவில்லை. யுயோமயம் என்ற புதிய சமயமாக மாறியது. அவர் ஏமாற்றுக்காரர் அல்லர் என்றே நான் நம்புகிறேன். ஆனால் உண்மையான மனிதன் உண்மையாக நம்பிச் சொன்னதும் பொய்த்துப் போகும்.

இலங்கையின் அண்மைக் கதைகள் நேயர்களுக்கு நினைவிருக்கும். 2015 ஜனவரி 8ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலை முன்கூட்டி வைத்தால் வெற்றி நிச்சயம் என்று மகிந்த ராஜபக்ஷவின் சோதிடர் சுமணதாச அபேகுணவர்த்தன சொன்னார். மகிந்த தோற்றார். 2017இல் இன்னொரு சோதிடர், ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ஜனவரி 26க்குள் இறந்துவிடுவார் என்றார். சிறிசேன நலமாக இருந்தார், சோதிடர் கைதானார். கைது தேவையற்றது. ஜனவரி 27 விடிந்ததே அவருக்குப் போதுமான தீர்ப்பு.

2020இல் அமெரிக்காவில் டொனால்ட் டிரம்ப் மறுபடி வெல்வார் என்று பல தீர்க்கதரிசன போதகர்கள் அறிவித்திருந்தார்கள். அவர்களில் ஜெரமையா ஜோன்சன் என்பவர், தாம் சொன்னது பிழை என்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்டதற்காகப் பலர் அவரை ஏசினார்கள். அடுத்த வருடம் ஏப்ரலில் அந்த வட்டத்தைச் சேர்ந்த தலைவர்களே, பகிரங்கமாகச் சொன்ன வாக்குப் பொய்த்தால் பகிரங்கமாகவே ஒத்துக்கொள்ள வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டார்கள். நமது சபைகளிலும் இது வரவேண்டும்.

வருடப் பிறப்பு இரவு ஆராதனைகளில் சொல்லப்படும் வாக்குகளை எடுத்துக்கொள்வோம். இப்போது அவை யூடியூப்பில் அப்படியே இருக்கின்றன, மார்கழியில் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். "இந்த வருடம் வங்காள விரிகுடாவில் புயல் எழும்" என்றால் அது தீர்க்கதரிசனம் ஆகாது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை அங்கே புயல் எழுவது வழமை. 1964, 1978, 2000, 2020 என்று இலங்கையின் கரையைத் தொட்ட வருடங்களே பல. "ஒரு பெரிய தலைவர் மறைவார்" என்பதும் அப்படித்தான், பெரிய தலைவர்கள் அநேகமாக வயோதிபர்கள். யாரும் வாக்குச் சொல்லாவிட்டாலும் நடந்திருக்கக்கூடியதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை எண்ணவேண்டும். நடக்காததை, "உங்கள் ஜெபத்தால் ஆண்டவர் தடுத்துவிட்டார்" என்று கணக்கிலிருந்து எடுக்கவும் விடக்கூடாது. நடந்தாலும் வெற்றி, நடக்காவிட்டாலும் வெற்றி என்றால், அந்த வாக்கு எதையும் சொல்லவில்லை.

காணாமற் போனவர்களின் வீட்டுக்குத் திரும்புகிறேன். அங்கே சொல்லப்படும் வாக்குக்குப் பெரும்பாலும் தவணையே இருக்காது. "தெற்குப் பக்கம், தண்ணீர் சூழ்ந்த இடத்தில் இருக்கிறான்" என்றால், இது தீவு, எங்கே பார்த்தாலும் தண்ணீர் சூழ்ந்திருக்கிறது. "காலம் கூடி வரும்" என்றால் எந்தக் காலம்? பொய்யென்று ஒருநாளும் தெரியவராது என்பதே இந்த வாக்கின் கொடுமை. தாய் காப்பை விற்றுக் காணிக்கை கொடுக்கிறாள். மருமகள் பொட்டை அழிப்பதா வைப்பதா என்று தெரியாமல் இருக்கிறாள். பிள்ளைகள் தகப்பனுக்கு ஆடி அமாவாசை விரதம் பிடித்தால், உயிரோடு இருப்பவரைச் சாகடித்த பாவம் வந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் தொடங்கிய போராட்டத்தில் இருந்தவர்களில் பலர், பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள்.

இதே அளவுகோலை அரசாங்கத்துக்கும் வைக்கவேண்டும். 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, காணாமற் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. அதிகாரியிடம் சொன்னார். எங்கே, என்று, யாருடைய கையால், உடல் எங்கே என்று ஒருவரைப் பற்றியும் சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறான் என்று ஆதாரமில்லாமல் சொன்ன வாக்கும், செத்துவிட்டான் என்று ஆதாரமில்லாமல் சொன்ன வாக்கும் அந்தத் தாய்க்கு ஒரே தரம்தான்.

2016இல் வந்த சட்டத் திருத்தமொன்றின்படி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமற் போனவர் என்று மட்டும் பதியும் சான்றிதழைக் குடும்பங்கள் பெறலாம். பலருக்கு அதில் திருப்தியில்லை, அது நியாயமே. ஆனால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது தெரியாது என்று அந்தக் கடதாசி நேராகச் சொல்கிறது. அந்த அளவுக்காவது நேராகப் பேசும்படி நமது போதகர்களையும் பூசகர்களையும் சாத்திரிமாரையும் கேட்பது அதிகமில்லை. தாயோடு உட்கார்ந்து அழலாம், அவளுக்காக ஜெபிக்கலாம், நேர்த்தி வைக்கலாம், அவளோடு உரிய இடத்துக்குப் போய் முறைப்பாட்டை எழுதிக் கொடுக்கலாம். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல ஒருவருக்கும் உரிமையில்லை.

ஊர் மட்டத்தில் இப்போதே தொடங்கக்கூடிய ஒரு வேலை உண்டு. காணாமற் போனவர்களின் சங்கங்களிடம் ஏற்கெனவே கோவைகள் இருக்கின்றன: பிடிபட்ட நாள், இடம், கண்டவர்களின் சாட்சி. அந்தக் கோவையிலேயே இன்னொரு தாளைச் சேர்க்கலாம். யார் வாக்குச் சொன்னார், என்ன வார்த்தையில் சொன்னார், எந்தத் திகதிக்குள் என்றார், எவ்வளவு வாங்கினார். குடும்பத்தின் பெயர் வெளியே வரத் தேவையில்லை. ஐந்து வருடத்துத் தாள்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, நூறு தாய்மாருக்கு ஒருவர் ஒரே வாக்கைச் சொல்லியிருக்கிறாரா, அதில் எத்தனை பிள்ளைகள் வீடு வந்தார்கள் என்பது எழுத்தில் இருக்கும். அடுத்த தாய் அவரிடம் போவதற்கு முன் அந்தத் தாளை வாசிக்கலாம்.