கண்மாயில் ஒரு கடல்பனிக் கணக்கு

(திருமங்கலத்தில் கணித, அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைக் கேட்டதும் முன்வரிசையில் ஒரு ஐயா சிரித்தார். திருமங்கலத்து வெயிலில் உட்கார்ந்துகொண்டு துருவக் கடலின் பனி எப்படி நகர்கிறது என்று பேசினால் சிரிப்பு வரத்தான் செய்யும். பனிக்கட்டியை நாம் பார்ப்பது ஜிகர்தண்டாக் கடையில். ஆனாலும் இந்தக் கணக்கை நான் கற்றுக்கொண்டது, எங்கள் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் கண்மாய்க் கரையில்தான்.

1981 டிசம்பரில் கோவாவிலிருந்து 'போலார் சர்க்கிள்' என்ற நார்வே நாட்டு வாடகைக் கப்பலில் 21 பேர் புறப்பட்டு, 1982 ஜனவரி 9 அன்று அண்டார்க்டிகாவில் இறங்கினார்கள். இந்தியாவின் முதல் பயணம் அது. இன்று அங்கே நமக்கு மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையங்கள். ஆண்டுதோறும் ஆட்களும் எரிபொருளும் உணவும் அங்கே போய்ச் சேர வேண்டும். வழியில் கடலே உறைந்து கிடக்கும். குளிர்கால உச்சத்தில் அண்டார்க்டிகாவைச் சுற்றி ஏறக்குறைய 185 லட்சம் சதுர கிலோமீட்டர் கடல்பனி இருக்கும். இந்தியாவின் பரப்பைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். கோடையில் அது 30 லட்சம், அதற்கும் கீழே சுருங்கும். அந்தப் பனியும் ஓரிடத்தில் நிற்பதில்லை. காலையில் திறந்திருந்த வழி மாலையில் மூடிக்கொள்ளும். 1915-இல் ஷாக்கிள்டனின் 'எண்டூரன்ஸ்' கப்பல் இப்படிச் சிக்கி, மாதக்கணக்கில் பனியோடு மிதந்து, கடைசியில் நொறுங்கி மூழ்கியது. ஆகவே பனி நாளை எங்கே இருக்கும் என்ற கேள்வி கப்பலில் இருப்பவருக்கு உயிர்ப் பிரச்சினை.

இந்தக் கேள்விக்கு முதலில் எண்களில் விடை தேடியவர் நார்வேயின் நான்சென். 1881-இல் சைபீரியாவுக்கு வடக்கே 'ஜெனெட்' என்ற கப்பல் பனியில் நசுங்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து அதன் உடைசல்கள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் கிடைத்தன. அப்படியானால் பனி ஆர்க்டிக் பெருங்கடலையே கடந்து வருகிறது என்று அவர் ஊகித்தார். சோதித்துப் பார்க்க, 'ஃப்ராம்' என்ற கப்பலைக் கட்டி, 1893-இல் வேண்டுமென்றே பனியில் உறைய விட்டார். கப்பல் 1896-இல் வெளியே வந்தது. அந்த மூன்று ஆண்டுகளில் அவர் கவனித்த ஒன்று முக்கியமானது. பனி காற்றின் திசையிலேயே போகவில்லை. 20 முதல் 40 பாகை வரை வலப்பக்கம் ஒதுங்கிப் போனது. பூமியின் சுழற்சியே காரணம் என்று அவர் கருத, ஸ்வீடனின் எக்மன் 1905-இல் அதைக் கணிதத்தில் எழுதிக் காட்டினார். தென்துருவத்தில் இடப்பக்கம் ஒதுங்கும்.

நான்சென் காலத்திலிருந்து நமக்குக் கிடைத்திருக்கும் எளிய விதி இது: தடையில்லாமல் மிதக்கும் பனி, காற்றின் வேகத்தில் ஏறத்தாழ 2 சதவீத வேகத்தில் நகரும். காற்று நொடிக்கு 10 மீட்டர் என்றால் பனி நொடிக்கு 0.2 மீட்டர். ஒரு நாளைக்கு 86,400 நொடி. பெருக்கினால் 17.28 கிலோமீட்டர். ஆறாம் வகுப்புப் பெருக்கல்தான்.

இனி கண்மாய்க்கு வருகிறேன். தை மாதம், கண்மாயில் தண்ணீர் இருந்தது. வடகரையில் ஆகாயத்தாமரை ஒரு பெரிய பாய்போலக் கிடந்தது. வாடைக்காற்று அதைத் தென்கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "இது பனி என்று வைத்துக்கொள்ளுங்கள், எங்கே போகும் என்று கணக்குப் போடுங்கள்" என்றேன். காற்று நொடிக்கு 3 மீட்டர் என்று எடுத்துக்கொண்டோம். 2 சதவீதம் 0.06. அரை மணிக்கு 1,800 நொடி. ஆக ஒரு படிக்கு 108 மீட்டர். வரைபடத்தாளில் 1 செ.மீ.க்கு 20 மீட்டர் என்று குறித்தார்கள். கண்மாயின் அகலம் ஏறக்குறைய 300 மீட்டர். மூன்றாவது படியில் 324 மீட்டர் வந்தது. எங்கள் ஆகாயத்தாமரை கரையேறி, ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வகுப்பே சிரித்தது.

ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் நோட்டைக் கொண்டுவந்தாள். அதில் படிகள் எதுவும் இல்லை. உண்மையில் செடிகள் வந்து நின்ற இடம் மட்டும் அழகாக வரையப்பட்டிருந்தது. நான் "சரி" போட்டு, வகுப்பில் தூக்கிக் காட்டினேன். மாலையில் நோட்டுகளை அடுக்கும்போதுதான் அந்தத் தாளில் ரப்பர் தேய்த்த தடம் தெரிந்தது. மூன்று படியும் சரியாகப் போட்டிருந்தாள். விடை கரைக்கு வெளியே போனதும் அழித்துவிட்டு, பார்த்ததை வரைந்திருக்கிறாள். இருபது ஆண்டு அனுபவத்தில் நான் பிள்ளைகளுக்கு எதைப் பழக்கியிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஏனென்றால் அவள் அழித்த இடத்தில்தான் பாடமே இருந்தது. கடல்பனியைக் கணக்கிட்டவர்களுக்கும் இதே தொல்லை வந்தது. காற்று, நீரின் இழுவை, பூமிச் சுழற்சி, கடல்மட்டச் சரிவு ஆகிய நான்கையும் சேர்த்தாலும், பனி கரையில் மோதும் இடத்தில் விடை பொய்த்துவிடும். ஐந்தாவதாக ஒன்று வேண்டும்: பனியை நெருக்கும்போது பனியே காட்டும் எதிர்ப்பு. 1979-இல் வில்லியம் ஹிப்ளர் வெளியிட்ட மாதிரி இதைக் கையாண்ட விதம் இன்றும் பல மாதிரிகளுக்கு அடிப்படை. கடலைக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு எண்: எவ்வளவு பங்கு பனியால் மூடியிருக்கிறது, சராசரித் தடிமன் எவ்வளவு. 0.8 பங்கு மூடிய கட்டத்துக்குள் 0.4 பங்கு பனி நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் 1 மீட்டர் தடிமன். கூட்டினால் 1.2. ஒரு கட்டத்தில் 1-க்கு மேல் இடம் ஏது? பரப்பை 1 என்று நிறுத்திவிட்டு, தடிமனை 1.2 மீட்டர் ஆக்கிவிடுகிறோம். பனி ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரப்பு கட்டிக்கொண்டது என்று பொருள். கண்மாய்க் கரையில் செடிமேல் செடி ஏறிக் கிடந்ததும் அதுதான்.

எதிர்ப்பு நெரிசலைப் பொறுத்தது. பஸ்ஸில் இன்னும் நாலு பேர் நிற்க இடமிருந்தால் நகர்ந்து கொடுப்போம். இடமே இல்லாதபோது கண்டக்டர் கத்தினாலும் நகர முடியாது. ஹிப்ளர் சூத்திரப்படி 80 சதவீதம் மூடிய பனியின் எதிர்ப்பு, அதே தடிமனில் முழுதும் மூடிய பனியுடையதில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குதான். அதே பனியை இழுத்தால் எளிதில் விரிசல் விடும். அந்த விரிசல்தான் கப்பலுக்கு வழி.

கணக்கு சரியா என்று எப்படித் தெரியும்? 1978-இன் இறுதியிலிருந்து செயற்கைக்கோள்கள் நுண்ணலையில் துருவங்களைப் பார்த்துவருகின்றன. மேகமோ நீண்ட துருவ இரவோ அதைத் தடுப்பதில்லை. இரண்டு நாள் படங்களை ஒப்பிட்டு, ஒரே பனிப்பாளம் எங்கிருந்து எங்கே போனது என்று அளக்கிறார்கள். 2016-இல் நம் இஸ்ரோ ஏவிய ஸ்கேட்சாட்-1 கடல்மேல் வீசும் காற்றை அளப்பதற்கானது. கடல்பனியைக் காணவும் அது பயன்பட்டது. கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் நம் பயணங்களை நடத்துகிறது. 2014-இல் ஆர்க்டிக்கின் ஒரு கடற்கழியில் இந்தியா இறக்கி வைத்த 'இண்ட்ஆர்க்' என்ற கண்காணிப்பு மிதவையின் உருவாக்கத்தில் சென்னையின் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்கும் பங்கு உண்டு. பிள்ளைகளிடம் சொல்லுங்கள்; பள்ளிக்கரணை பஸ் ஏறிப் போகக்கூடிய தூரம்தான்.

அந்த மாணவியிடம் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, அழித்ததை மறுபடி எழுதச் சொன்னேன். "தப்பான விடைக்கு எதுக்கு சார்?" என்றாள். "எந்த இடத்தில் தப்ப ஆரம்பிச்சதுன்னு நாம ரெண்டு பேரும் பார்க்கணும்மா" என்றேன். எழுதினாள். கூடவே ஒன்று சொன்னாள்: ஆகாயத்தாமரை இலை தண்ணீருக்குமேல் கப்பல் பாய்போல நிற்கிறது, தட்டையான பனிக்கு வைத்த 2 சதவீதம் இதற்கு எப்படிப் பொருந்தும்? எனக்குத் தோன்றாத கேள்வி. அடுத்த வாரம் கரையில் குச்சி நட்டு, கடிகாரம் வைத்து, எங்கள் கண்மாய்க்கு உரிய சதவீதத்தை அவர்களே கண்டுபிடித்தார்கள். மதிப்பெண் எப்படிப் போட்டேன் என்று கேட்பீர்கள். படிகளுக்கு 6, அளந்ததோடு ஒப்பிட்டதற்கு 2, வித்தியாசத்துக்குக் காரணம் எழுதியதற்கு 2. விடை கரைக்குள் விழுந்ததா என்பதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. இதில் உங்களில் சிலருக்கு ஒப்புதல் இருக்காது. உணவு இடைவேளையில் சண்டை போடலாம்.

இப்போது பின்வரிசையிலிருந்து வரைபடத்தாள் வருகிறது. தென்துருவக் கடல், காற்று மேற்கிலிருந்து நொடிக்கு 8 மீட்டர், இடப்பக்கம் 30 பாகை ஒதுக்கம், மூன்று நாள். பென்சில் போதும். ரப்பரை மட்டும் பைக்குள் வைத்துவிடுங்கள்.