வள்ளத்தில் கண்ட தீவுகள்



தீவு என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுள் பலருடைய உள்ளம் அந்தமானுக்கோ இலட்சத்தீவுக்கோ பறந்து சென்றுவிடும். இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையில், நம் கரையை ஒட்டியே, 21 தீவுகள் ஒரு சரம்போல் கிடந்தன என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. கிடந்தன என்று இறந்த காலத்தில் சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வேன்.

மன்னார் வளைகுடாவில் உள்ள இத்தீவுகள் அளவிற் சிறியவை. அவற்றுள் பெரியதாகிய முசல் தீவின் பரப்பே ஏறத்தாழ 130 எக்டேர்தான். ஆனால் பெயர்களைக் கேளுங்கள்: குருசடை, பூமரிச்சான், மனோலி, முள்ளி, ஆனைப்பார், காரைச்சல்லி, நல்லதண்ணி, உப்புத்தண்ணி. கடைசி இரண்டு பெயர்களையும் இட்டவன் ஏட்டுப் படிப்பாளி அல்லன். தாகத்தோடு குடம் சுமந்து கரையிறங்கியவனாகவே இருத்தல் வேண்டும். பார் என்பது கடலடிப் பாறைத் திட்டு. சல்லி என்பது உடைந்த சிறு கல். இங்கே அக்கல் பவளப் பாறையின் சிதறல்.

1984 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நான் இத்தீவுகளுட் சிலவற்றை முதன்முதலாகக் கண்டேன். அப்போது எனக்கு வயது 24. ஆசிரியப் பயிற்சி முடித்து, கடற்கரையூர்ப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியனாகச் சேர்ந்திருந்தேன். பள்ளிக் கண்காட்சிக்குக் கடற்பொருள்கள் திரட்ட வேண்டும் என்று எனக்கு ஆவல். வேம்பாரில் ஒரு மீனவர் தம் வள்ளத்திற்குப் புதிதாக இயந்திரம் வாங்கிப் பூட்டியிருந்தார். பின்புறம் வெளியே தொங்கும் சிறு இயந்திரம் அது. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். பாய் விரித்துக் காற்றுக்குக் காத்திருந்த ஊரில் அதன் ஓசை ஒரு திருவிழா ஓசையாகவே இருந்தது.

விடியுமுன் புறப்படுவோம் என்றேன். அவர் அசையவில்லை. "வெயில் ஏறட்டும், சார்" என்று வலையைப் பொத்துவதில் முனைந்துவிட்டார். சோம்பல் என்று எண்ணினேன். ஒன்பது மணிக்குக் கடலில் இறங்கியபின்தான் எனக்குப் பாடம் கிடைத்தது. உப்புத்தண்ணித் தீவு கிழக்கே இருக்கிறது. காலைக் கதிரவனை எதிர்நோக்கிச் சென்றால் நீர்ப்பரப்பு முழுவதும் கண்ணாடியாகிக் கண்ணைப் பறிக்கும். அடியிற் கிடக்கும் பாறை தெரியாது. வெயில் மேலேற, கடல் தன் வயிற்றைத் திறந்து காட்டுகிறது. கருநீலம் ஆழம், இளம்பச்சை மணல், விளிம்பு கலங்கிய கரும்பச்சை கடற்புல், தவிட்டு நிறம் பவளப் பாறை. தவிட்டு நிறத்தைக் கண்டால் விலக வேண்டும். அவருடைய மருமகன், பதினைந்து வயதுப் பையன், முன் அணியத்தில் நின்று கையை இடமும் வலமும் நீட்டிக்கொண்டே வந்தான். இயந்திர ஓசையில் குரல் கேளாது. கைதான் பேச வேண்டும். பாய்மரக் காலத்தில் வள்ளம் பாறைமேல் ஏறினாலும் மெல்ல ஏறும். இயந்திரமோ சிந்திப்பதற்குள் கொண்டுபோய் மோதிவிடும் என்று பின்னர் அவர் விளக்கினார். பள்ளியில் அவன் என் மாணவன்தான், தேர்வில் தேறாதவன். அன்று அவன் கையையே நான் நம்பியிருந்தேன்.

உப்புத்தண்ணியில் நீண்ட நேரம் தங்கவில்லை. கரை நோக்கிய பக்கம் மணலாகவும், கடல் நோக்கிய பக்கம் சல்லிக் குவியலாகவும் இருந்தது. வெறுங்காலோடு நடந்தவன் நான் ஒருவனே, வருந்தியவனும் நானே. அன்றிரவு வைப்பாற்றின் கழிமுகத்தில் தங்கி, மறுநாள் காரைச்சல்லிக்குச் சென்றோம்.

அத்தீவை ஒரு சுற்று நடந்து வந்தேன், நெற்றி வியர்த்தது. பிறகு, பவளத்தை நெருங்கிப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தினேன். இன்னும் சற்று, இன்னும் சற்று என்று நான் சொல்ல, விசிறி ஒரு பாறையில் உரசியது. இயந்திரம் வெறுமனே கதறியது; வள்ளம் நகரவில்லை. விசிறியை அச்சோடு பிணைக்கும் சிறு ஆணி முறிந்திருந்தது. முறிவதற்கென்றே அது மெல்லியதாகச் செய்யப்பட்டிருக்கிறது. அது முறிந்தால் இயந்திரம் தப்பும். மாற்று ஆணி போடும்வரை வள்ளம் மிதந்து போகாதபடி நங்கூரக் கல்லை இறக்கினார்கள். அந்த ஓசை இன்றும் என் செவியில் உள்ளது. ஓட்டுக் கூரையின்மேல் யாரோ நடப்பது போன்று, கீழே ஏதோ மளமளவென்று நொறுங்கியது. மான்கொம்பு போல் கிளைத்து நின்ற பவளம் அது.

நான் அதற்கும் வருந்தவில்லை. இடுப்பளவு நீரில் இறங்கினேன். கவிழ்த்த பானை போன்ற ஒரு பவளத்தைக் கடப்பாரையால் நெம்பினோம்; அரை நிமிடத்தில் பெயர்ந்து வந்தது. நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு சாணுக்குச் சற்று மிகுதி.

கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்தது. ஆனால் மூன்றாம் நாளே வகுப்பறை முழுவதும் நாற்றம் வீசியது. வெளுப்புத் தூளிட்டுக் கழுவினோம். "ஐயா, இது கல்லென்றால் ஏன் நாறுகிறது?" என்று ஒரு சிறுவன் கேட்டான். கேட்கத்தக்க கேள்வி. நான் என்ன விடையிறுத்தேன் தெரியுமா? "மேலே ஒட்டிய அழுக்கு நாறுகிறது; இது கல்தான், உட்கார்" என்றேன்.

அது பொய் என்பதை நான் பயின்ற நூலே எனக்குச் சொல்லியிருந்தது. பவளம் ஒரு விலங்கினம். சின்னஞ்சிறு பிராணிகள் ஆயிரக்கணக்கில் கூடி வாழ்ந்து, கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு தமக்கு வீடு கட்டுகின்றன. அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருந்து, ஒளியிலிருந்து உணவு சமைத்துத் தருகிறது; நிறமும் தருகிறது. கடல் வழக்கத்தினும் மிகுதியாகச் சூடேறினால் பவளம் அப்பாசியை இழந்து வெளுத்துப்போகும்; சூடு நீடித்தால் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இது நிகழ்ந்தது. பானை வடிவப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். ஆகவே நான் பெயர்த்தெடுத்ததன் வயது ஏறக்குறைய 24. என் வயது.

நான் எடுத்தது ஒன்று. அந்நாளில் தூத்துக்குடிப் பகுதியில் வள்ளம் வள்ளமாகப் பவளப் பாறையை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் ஆலைகளுக்கும் கொண்டுசென்றனர். வெட்டியவர்களை நான் பழிக்கமாட்டேன். அவர்களுக்கு அது கூலி. எனக்கு அது பரிசு. 1986 இல் இத்தீவுகளும் சூழ்ந்த கடலும் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டன. 2001 இல் பவளத்தை எடுப்பது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் விலக்கப்பட்டது. இன்று இசைவின்றி எவரும் அத்தீவுகளில் கால் வைத்தல் ஆகாது.

பணி ஓய்வு பெற்ற பின், 2019 இல், கடலுயிர் ஆய்வு செய்யும் என் பழைய மாணவர் ஒருவர் முறைப்படி இசைவு பெற்று என்னையும் உடனழைத்துச் சென்றார். இப்போது கண்ணாடியிழைப் படகு. செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் கருவியும் உண்டு. எனினும் அவரும் வெயில் ஏறும்வரை காத்திருந்தார் என்பதைக் கண்டு மகிழ்ந்தேன். பாறையை நெருங்கியதும் இயந்திரத்தை நிறுத்தி, விசிறியை நீருக்கு மேலே தூக்கிவிட்டு, கழியால் தள்ளினர். நங்கூரத்தை மணல் கண்ட இடத்தில்தான் இறக்கினர்.

காரைச்சல்லியை நான் இறங்கிச் சுற்ற வேண்டிய தேவையே எழவில்லை. படகிலிருந்தே இரு முனையும் ஒரே பார்வையில் அடங்கின. 1969 இல் ஏறத்தாழ 21 எக்டேர் இருந்த தீவு, 2018 இல் 6 எக்டேருக்கும் குறைந்துவிட்டது. இதன் காரணம் எளியது. அலை முதலில் பவளப் பாறையில் மோதி வலுவிழந்து, அதன்பிறகே தீவின் மணலைத் தொடும். பாறையை வெட்டிவிட்டால் அலை நேரே மணலை அள்ளும். கடல்மட்டம் உயர்வதும் உடன் சேர்ந்துகொள்கிறது. வான் தீவு இவ்வாறு கரைந்து வந்தபோது, அலையைத் தடுக்க 2015 முதல் காரைக் கட்டுமானங்களைக் கடலடியில் வரிசையாக இறக்கிவைத்தனர். ஆங்காங்கே பவளத் துண்டுகளைச் சிமிட்டிச் சட்டங்களிற் கட்டி நட்டும் வளர்க்கின்றனர். நாற்று நடுவதுபோன்ற பொறுமையான வேலை.

அங்கிருந்து சிறிது தூரம் சென்று, திறந்த கடலில் என் மாணவர் படகை நிறுத்தச் சொன்னார். சுற்றிலும் நீர். "விலங்குச்சல்லி வந்துவிட்டோம், ஐயா" என்றார். நான் தீவைத் தேடினேன். அவர் கீழே காட்டினார். 21 தீவுகளுள் விலங்குச்சல்லியும், கீழக்கரைப் பக்கமுள்ள பூவரசன்பட்டியும் நீருள் மூழ்கிவிட்டன. கருவியின் திரையில் பெயர் இருந்தது. படகின் அடியில் மணல் மங்கலாகத் தெரிந்தது. மீன் சில அதன்மேல் மேய்ந்தன.

கரை திரும்பிய வாரத்தில் நான் முதலில் பணியாற்றிய பள்ளிக்குச் சென்றேன். ஆய்வுக்கூடப் பேழையில் என் பவளம் அப்படியே இருந்தது. என் கையெழுத்திலேயே அட்டை: "பவளக் கல்." தலைமையாசிரியையின் இசைவு பெற்று வேறோர் அட்டை எழுதினேன்: "பவளம். விலங்கினம். வயது ஏறத்தாழ 24 ஆண்டுகள். காரைச்சல்லித் தீவருகே 1984 பிப்ரவரியில் உயிருடன் பெயர்த்தெடுக்கப்பட்டது."

அருகில் நின்று படித்த மாணவி ஒருத்தி, "எடுத்தவர் யார் என்று எழுதவில்லையே, ஐயா?" என்றாள். பேனாவை மறுபடியும் திறந்து அதையும் எழுதினேன்.