யார் வீட்டுப் பிள்ளை?

டன்பிளேன் என்னும் சிற்றூரில் வளர்ந்த டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரி ஒரு ஸ்காட்லாந்தியர். 1936-இல் பிரெட் பெர்ரி வென்றபின் விம்பிள்டன் ஆடவர் பட்டம் பிரிட்டனுக்குக் கிட்டவேயில்லை. அவ்வேக்கமெல்லாம் இவ்விளைஞரின் தோளில் ஏறிற்று.

2006-இல், உலகக் கால்பந்துப் போட்டியில் இங்கிலாந்தை எதிர்ப்போர் பக்கமே தாம் என்று வேடிக்கையாகச் சொன்னார். அச்சொல் பல்லாண்டுகள் அவரைத் துரத்திற்று. 2012 இறுதியாட்டத்தில் தோற்றுக் கண்ணீர் வடித்த பின்னரே ஆங்கிலேயர் பலரின் மனம் இளகிற்று. மறு ஆண்டு ஜோக்கோவிச்சை வென்று பட்டம் பெற்றார்.

வென்றால் பிரிட்டானியர், தோற்றால் ஸ்காட்லாந்தியர் என்பது அங்கு வழங்கும் கேலி. தேறிய பையனை 'என் மகன்' என்றும், தவறியவனை மனைவியிடம் 'உன் மகன்' என்றும் கூறும் தந்தையரைப் பள்ளியில் நான் நிரம்பக் கண்டிருக்கிறேன்.

2014-இல் ஸ்காட்லாந்துப் பொதுவாக்கெடுப்பு நாளன்று தனிநாட்டுக்குச் சார்பாக ஒரு குறிப்பு வெளியிட்டார், வசைமாரி பொழிந்தது. 79 ஆண்டுகளுக்குப் பின், 2015-இல் பிரிட்டன் டேவிஸ் கோப்பையை வென்றபோது முன்னின்று ஆடியவரும் அவரே.