இறக்கத்தில் காப்பது எந்தக் கியர்?

(கொழுந்து லொறி, பவுசர், டிரெக்டர் ஓட்டும் தொழிலாளர்களுக்காகச் சங்கம் கூட்டிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு எனக்குக் கொடுத்த விஷயம் கியர். பள்ளிக்கூடத்து ஆளுக்கு லொறியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சில தோட்டங்களில் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. "பழைய லொறியைக் கொடுத்துவிட்டு ஓட்டோ கியர் லொறி எடுக்கப் போகிறார்கள். கிளச் இல்லை. யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்." இந்தக் கடைசி வசனத்தில்தான் சங்கத்துக்கு வேலை இருக்கிறது. யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றால், சாரதிக்கு எதற்குச் சாரதிச் சம்பளம் என்று நாளைக்குக் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டுமானால் விஷயம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓட்டோ கியர் என்று எல்லோரும் ஒரே பெயரில் சொன்னாலும் பாரவண்டியில் அது முக்கியமாக இரண்டு வகை. ஒன்றில் இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் கிளச் தட்டுக்குப் பதிலாக எண்ணெய் நிரம்பிய சுழலி இருக்கும். சுமையோடு மேட்டில் நின்று கிளம்பினாலும் உதறாது. அடிக்கடி நின்று கிளம்புகிற தீயணைப்பு வண்டி, குப்பை லொறி, நகரத்து பஸ் போன்றவற்றுக்கு உலகம் முழுக்க இதைப் போடுகிறார்கள். விலையும் பழுதுச் செலவும் அதிகம்.

மற்றது, உள்ளே நம்முடைய பழைய மெனுவல் பெட்டியேதான். அதே பற்சக்கரம், அதே கிளச் தட்டு. காலும் கையும் செய்கிற வேலையைக் கம்பியூட்டர் சொல்ல, காற்றழுத்தமோ மின்சாரமோ செய்கிறது. வொல்வோ கம்பனி 2001இல் கொண்டுவந்த ஐ-ஷிஃப்ட் இந்த வகை. ஐரோப்பாவில் தூரப் பயண லொறிகளில் இன்று இதுதான் வழக்கம். காரணம் டீசல். நன்றாக ஓட்டுகிறவரும் சுமாராக ஓட்டுகிறவரும் கியர் மாற்றுவதில் உள்ள வித்தியாசத்தை இது குறைத்துவிடுகிறது. கைதேர்ந்த சாரதி மெனுவலிலும் அதே சிக்கனத்தைக் காட்டுவார். ஆனால் கம்பனிக்கு எல்லாச் சாரதியும் ஒரே மாதிரி ஓட்டுவதுதான் இலாபம்.

சரி, நம்முடைய மலைக்கு வருவோம். ஏற்றத்தில் தவறு செய்தால் வண்டி நிற்கும். இறக்கத்தில் தவறு செய்தால் நிற்காது. ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். சுமையோடு 10 தொன் எடையுள்ள லொறி 300 மீற்றர் உயரம் இறங்குகிறது. வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால் அந்தச் சக்தி முழுவதும் எங்கேயாவது வெப்பமாகப் போக வேண்டும். எவ்வளவு வெப்பம் தெரியுமா? 85 லீற்றருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற வெப்பம்! காலை பிரேக்கிலேயே வைத்து இறங்கினால் அதில் பெரும்பகுதி பிரேக் கட்டைக்கும் டிரம்முக்கும் போகும். கட்டை காய்ந்து பிடி விடும். டிரம் சூட்டில் விரிந்து கட்டையை விட்டு விலகும். எண்ணெய் பிரேக் என்றால் எண்ணெய் கொதித்து மிதி பஞ்சாகப் போகும். காற்று பிரேக் என்றால் அடித்து அடித்து டாங்கியில் காற்று இறங்கிவிடும்.

அதே லொறியைத் தாழ்ந்த கியரில் இறக்கினால் சில்லுதான் இன்ஜினைச் சுற்ற வேண்டும். சூட்டில் பெரும்பங்கை இன்ஜினும் ரேடியேட்டரும் புகைக்குழாயும் ஏற்றுக்கொள்ளும். எக்ஸோஸ்ட் பிரேக் இருந்தால் இன்னும் நல்லது. சில்லு பிரேக் சூடாகாமல் கடைசி வளைவுக்காகக் காத்திருக்கும். அதனால்தான் பழைய சாரதிமார் சொன்னார்கள், ஏறுகிற கியரில் இறங்கு என்று. இன்றைய இன்ஜின் பலமானது. கூடிய கியரிலேயே ஏறிவிடும். ஆகவே சில இறக்கத்தில் ஏறிய கியரை விட ஒன்று தாழ்த்தித்தான் போட வேண்டும். எதுவானாலும் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும். பாதி இறக்கத்தில் வேகம் ஏறிய பிறகு தாழ்த்தப் போனால், கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். மெனுவல் கியரின் பெரிய ஆபத்து இது.

ஓட்டோ கியரில் அந்த ஆபத்து குறைவு. ஆனால் வேறொன்று இருக்கிறது. பெட்டி வேகத்தையும் இன்ஜின் சுற்றையும் சுமையையும் பார்த்துக் கியரைத் தெரிவுசெய்யும். முன்னால் கொண்டை ஊசி வளைவு இருப்பதும், மடுவத்தில் பெண்கள் கொழுந்து நிறுக்க நிற்பதும் அதற்குத் தெரியாது. புதிய ஐரோப்பிய வண்டி சிலவற்றில் வரைபடத்தைப் படித்து முன்கூட்டியே கியர் மாற்றும் ஏற்பாடு உண்டு. நம் தோட்டத்து மண் ரோடு அந்த வரைபடத்தில் இருக்கும் என்று நம்பி இறங்க முடியாது. ஆகவே இறக்கத்தில் சாரதிதான் கை நிலைக்கு மாற்றி, தாழ்ந்த கியரைப் பிடித்து வைக்க வேண்டும். மேட்டில் வண்டியை நிறுத்தி வைக்க எக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டு இருந்தாலும், இரண்டாவது வகையில் கிளச் தட்டு எரியும். மிதி இல்லையே தவிர, தட்டு உள்ளே இருக்கிறது.

இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவது. மின்னணு முறையில் டீசல் பாய்ச்சும் இன்றைய இன்ஜினில், கியரில் வைத்து எக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வது நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் தானாக ஓட டீசல் குடிக்கும். மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை. டீசல் கணக்கைக் காட்டி எந்த மேலதிகாரியாவது அப்படி ஓட்டச் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

ரதெல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கரவண்டியும் மோதி ஏழு பேரை இழந்தோம். 2025 மே மாதம் ரம்பொடை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறு. ஆனால் இந்த வீதிகள் யாருக்கும் இரண்டாவது தடவை தருவதில்லை. நம் லொறியில் கொழுந்து மட்டும் போவதில்லை. பின்னால் நம் ஆட்களும் ஏறுகிறார்கள்.

அப்படியானால் ஓட்டோ கியர் வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். நாள் முழுக்கக் கிளச் மிதித்து இடது முழங்காலும் இடுப்பும் தேய்ந்த அண்ணன்மார் இங்கேயே இருக்கிறீர்கள். அவர்களுக்கு அது பெரிய ஆறுதல். நம் பெண் பிள்ளைகளும் லொறி ஓட்டலாம் என்ற எண்ணத்துக்கும் அது வழி திறக்கும். கியரில் போகிற கவனம் ரோட்டுக்குக் கிடைக்கும். மறுபக்கம், மெனுவல் பெட்டி பழுதானால் பக்கத்துக் கராஜில் கழற்றிப் பூட்டலாம். ஓட்டோ பெட்டிக்குப் பழுது கண்டுபிடிக்கிற கருவியும் தெரிந்த ஆளும் வேண்டும். வண்டி மழையில் வழியில் நின்றால் சாக்கில் கொழுந்து சூடேறிச் சிவந்து போகும். அந்த நட்டத்தைச் சாரதி தலையிலோ, கொழுந்து பறித்தவர் கிலோவிலோ கழிக்க விடக் கூடாது.

தம்பி தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. முதலில் மெனுவலில் பழகுங்கள். மெனுவல் தெரிந்தவர் ஓட்டோவைச் சீக்கிரம் பழகிக்கொள்வார். ஓட்டோ மட்டும் தெரிந்தவர் மெனுவலுக்கு மாறுவது கஷ்டம். ஓட்டோ வண்டியில் பரீட்சை எழுதினால் ஓட்டோ மட்டும் ஓட்டலாம் என்று அனுமதிப்பத்திரத்தில் கட்டுப்பாடு போடுகிற நாடுகளும் இருக்கின்றன. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் அதைக் கேட்டறிந்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நம் நாட்டில் மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரையான லொறிக்கு சி1 வகுப்பு வேண்டும். அதற்கு மேல் சி வகுப்பு. கார் அனுமதிப்பத்திரத்தை வைத்துக்கொண்டு "ஓட்டோதானே" என்று யாரும் லொறியில் ஏற வேண்டாம். விபத்து நடந்தால் தனியாக நிற்கப் போவது நீங்கள்தான்.

சங்கத்தின் கோரிக்கையாக நான்கை முன்வைக்கிறேன்.

ஒன்று, கியர் மாறியதைக் காட்டிச் சாரதியின் சம்பளத்தையோ தரத்தையோ குறைக்கக் கூடாது.

இரண்டு, புது வண்டி வந்தால் அதே வண்டியில், இதே மலையில், சுமையோடும் சுமை இல்லாமலும் பயிற்சி வேண்டும். பயிற்சி நாளுக்குச் சம்பளமும் வேண்டும்.

மூன்று, பிரேக், எக்ஸோஸ்ட் பிரேக், டயர் மூன்றையும் காலையில் பார்த்துக் குறிக்க ஒரு கொப்பி ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும். குறை எழுதினால் பிரதி ஒன்று தோட்டத் தலைவருக்கு வர வேண்டும்.

நான்கு, பிரேக் குறையுள்ள வண்டியை எடுக்க மறுத்த சாரதிக்கு அன்றைய பேரும் சம்பளமும் வெட்டக் கூடாது.

மூன்றாவது கோரிக்கைக்கு நிர்வாகத்தின் அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கொப்பியைச் சங்கமே வாங்கித் தரும். திங்கட்கிழமை காலையில் வண்டியை எடுக்க முன்னர் முதல் வரியை எழுதுங்கள்.