வால்வும் ஸ்பீக்கரும்



டிரான்சிஸ்டர் வந்து பல்லாண்டுகள் ஆகியும், வீட்டிலிருந்து நல்லிசை கேட்க விரும்புவோருள் சிலர் வால்வு ஆம்ப்ளிஃபயரையே நாடுகின்றனர். கடைக்குச் சென்றதும், “எத்தனை வாட்?” என்றுதான் பலரும் கேட்பர். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. “எந்த ஸ்பீக்கருக்கு?” என்பதே அது.

ஸ்பீக்கருக்கு ஒரு வாட் ஆற்றலைக் கொடுத்து, ஒரு மீட்டர் தொலைவில் எழும் ஒலியை டெசிபலில் அளப்பர். அதன் உணர்திறனை இவ்வாறு அறிகிறோம். ஒரு ஸ்பீக்கர் 84 டெசிபலும், மற்றொன்று 94 டெசிபலும் தருவதாகக் கொள்வோம். வேறுபாடு பத்துத்தானே என்று எண்ணிவிடாதீர்கள். டெசிபல் என்பது மடக்கைக் கணக்கு. பத்து டெசிபல் கூடினால் ஆற்றல் பத்து மடங்கு எனப் பொருள். ஆகவே, இரண்டாவது ஸ்பீக்கரை 8 வாட்டில் இயக்கினால் எழும் ஒலியை முதலாவதிலிருந்து பெற 80 வாட் வேண்டும். சிறிய வால்வு ஆம்ப்ளிஃபயர் அதற்கு எங்கே போகும்?

அமெரிக்கரான பால் கிளிப்ஷ் உருவாக்கிய கொம்பு வடிவ ஸ்பீக்கர், அறையின் மூலைச் சுவர்களையே தன் கொம்பின் தொடர்ச்சியாகப் பயன்படுத்திக்கொண்டது. சில வாட்டுகளே அதற்குப் போதும். 1954-இல் எட்கர் வில்ச்சர் வேறு வழி கண்டார். மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகக் கொண்டு, சிறிய பெட்டியிலும் ஆழ்ந்த கீழ்ச்சுரங்களை எழுப்பினார். ஆனால் அதற்கு ஆற்றல் மிகுதியாக வேண்டியிருந்தது. இரண்டும் சிறந்த படைப்புகளே. இரண்டுக்கும் ஒரே ஆம்ப்ளிஃபயர் பொருந்தாது.

அடுத்துக் காண வேண்டியது மின்மறுப்பு. வால்வு சில ஆயிரம் ஓம் சுமையை விரும்பும். ஸ்பீக்கரோ 4, 8, 16 ஓம் அளவினது. இவ்விரண்டையும் இணைக்கும் பாலம் மின்மாற்றி. 5000 ஓமை 8 ஓமால் வகுத்தால் 625. அதன் வர்க்கமூலம் 25. ஆகவே முதன்மைச் சுருளில் 25 சுற்றுக்குத் துணைச்சுருளில் ஒரு சுற்று என அமைத்தால் பொருத்தம் கிட்டும். 8 ஓம் முனையில் 4 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால், வால்வுக்குச் சுமை 2500 ஓமாகவே தோன்றும். ஒலியில் சிதைவு மிகும்.

மேலும், ஸ்பீக்கரின் மீது எழுதிய 8 ஓம் பெயரளவே. அதிர்வெண்ணுக்கு ஏற்ப அது ஏறியும் இறங்கியும் நிற்கும். பல வால்வு ஆம்ப்ளிஃபயர்களின் வெளியீட்டு மின்மறுப்பு சற்று உயர்ந்தது. ஆதலின் இவ்வேற்றத்தாழ்வு இசையின் நிறத்தையே மாற்றிவிடும். அதிகம் அலையாத ஸ்பீக்கரைத் தேர்வதே அறிவுடைமை.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், பள்ளி ஆண்டு விழாவுக்கு முதல் நாள், ஸ்பீக்கர் கம்பியைக் கழற்றுமாறு ஒரு மாணவனிடம் கூறினேன். இசைத்தட்டு சுழன்றுகொண்டிருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. சற்று நேரத்தில் வால்வு ஆம்ப்ளிஃபயர் புகைந்தது. அவனையே கடிந்துகொண்டேன். சுமையின்றி இயங்கும் மின்மாற்றியில் மின்னழுத்தம் மிக உயர்ந்து, கம்பியின் காப்பு கருகிவிடும் என்பதைப் பின்னரே நூலில் கற்றேன். பிழை என்னுடையது. அதைச் சொல்ல முற்பட்டபோது அவன் பள்ளியை விட்டுச் சென்றிருந்தான். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

ஆகவே, ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிஃபயரை இயக்காதீர்கள். அதன் பெட்டியையும் திறவாதீர்கள். உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் உண்டு. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

விலையையும் வாட்டையும் மட்டும் நோக்காது, பொருத்தம் அறிந்து இணையுங்கள். எளிய கருவியும் இனிமை தரும்.