வளைகுடா நாள்காட்டியும் மெய்நிகர் கணினிகளின் காப்புப்படியும்



2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15. ரமலான் மாதத்தின் இறுதி நாள்கள். சவூதி அராம்கோ நிறுவனத்தின் ஊழியர்களுள் பெரும்பாலோர் விடுப்பில் இருந்தனர். அவ்வேளை பார்த்து 'ஷமூன்' என்னும் அழிப்பு நிரல் அந்நிறுவனத்தின் சுமார் 30,000 கணினிகளின் வன்தட்டுகளைத் துடைத்தெறிந்தது. எண்ணெய் உற்பத்தியை இயக்கும் அமைப்புகள் தனி வலையமைப்பில் இருந்தமையால் தப்பின. நான்கு ஆண்டுகள் கழித்து அந்நிரலின் புதிய வடிவம் சவூதியில் மீண்டும் தலைகாட்டியது. அதற்குக் குறிக்கப்பட்டிருந்த நேரம் 2016 நவம்பர் 17, வியாழன் இரவு 8.45. வெள்ளியும் சனியும் அந்நாட்டில் வார விடுமுறை.

அழிக்க வந்தவர்கள் நாள்காட்டியைப் பார்த்து நேரம் குறித்தார்கள். காக்க வேண்டியவர்களோ, மென்பொருள் முதல்நாளில் தந்த கால அட்டவணையை மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். இவ்வுரையின் கருப்பொருள் இதுதான்.

இன்று சிறு வணிக நிறுவனம்கூட ஒரே வழங்கிக் கணினிக்குள் (சர்வர்) நான்கைந்து மெய்நிகர் கணினிகளை இயக்குகிறது. கணக்கு ஒன்றில், மின்னஞ்சல் ஒன்றில், சம்பளப் பதிவேடு ஒன்றில். மெய்நிகர் கணினி என்பது உண்மையில் சில கோப்புகளின் தொகுதியே. ஆதலால் அதனை முழுமையாகப் படியெடுப்பது எளிது. முதலில் ஒரு முழுப் படி, பின்னர் நாள்தோறும் மாறிய பகுதிகள் மட்டும். இதனைத் தானாக நிகழச் செய்வதும் எளிதே. எந்த நாள், எந்த மணி, எத்தனை நாள் இருப்பு என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதுதான் கடினம்.

இருப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். நாள்தோறும் ஒரு படி எடுத்து, கடைசி ஏழினை மட்டும் வைத்துக்கொள்வது பரவலான வழக்கம். 2024ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு அமீரகக் கூட்டாட்சி அரசு ஊழியர்க்கு, வார இறுதிகளையும் சேர்த்து, ஏப்ரல் 6 முதல் 14 வரை ஒன்பது நாள்கள் விடுமுறை கிடைத்தது. அத்தகைய விடுமுறையின் முதல் நாளில் ஒரு தீநிரல் கோப்புகளைக் கெடுத்துவிட்டது என்று கொள்க. அட்டவணை தவறாது இயங்கும். ஒவ்வோர் இரவும் கெட்ட கோப்புகளையே படியெடுத்து, நல்ல படிகளை ஒவ்வொன்றாக அழிக்கும். அறிக்கையில் எல்லாம் பச்சையாகவே தெரியும். ஊழியர் திரும்பும்போது கையில் இருக்கும் ஏழு படிகளும் கெட்டவை. ஆகவே, நாட்படிகளின் இருப்பு மிக நீண்ட விடுமுறையைவிடக் கூடுதலாக இருத்தல் வேண்டும். பதினான்கு நாட்படிகள், அவற்றோடு சில வாரப்படிகள், மாதப்படிகள் என்பது பொருத்தமான ஏற்பாடு.

அடுத்து, நாள். அமீரக அரசின் வார விடுமுறை 2006இல் வியாழன்-வெள்ளியிலிருந்து வெள்ளி-சனிக்கு மாறியது. 2022 சனவரி 1 முதல் வெள்ளி அரைநாள் பணியாகி, சனி-ஞாயிறு விடுமுறையாயிற்று. சார்ஜாவில் வெள்ளியும் சேர்ந்து மூன்று நாள்கள். சவூதி 2013இல் வெள்ளி-சனிக்கு மாறியது. பழைய அட்டவணைப்படி வெள்ளி காலையில் முழுப் படி எடுக்கும் துபாய் அலுவலகம், வேலை நேரத்தில் தன் வழங்கியைத் தானே முடக்குகிறது. துபாயிலும் ரியாத்திலும் கிளைகள் உள்ள நிறுவனத்திற்குப் பொதுவான ஓய்வுநாள் சனி ஒன்றே.

நேரமும் அவ்வாறே. ரமலானில் கடைகளும் உணவகங்களும் நள்ளிரவு தாண்டியும் வணிகம் செய்கின்றன. பிற மாதங்களில் ஓய்ந்திருக்கும் இரவு ஒரு மணி, அம்மாதத்தில் ஓய்ந்த நேரமன்று. மேலும், பல வழங்கிகளின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இயங்குவது. அங்கே 22 மணி என்றால் ரியாத்தில் இரவு 1, துபாயில் 2, சென்னையில் 3.30. எல்லா மெய்நிகர் கணினிகளுக்கும் ஒரே நேரத்தைக் குறித்தால் சேமிப்பகம் திணறும். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்குதலே முறை.

ஸ்னாப்ஷாட் எடுத்தாயிற்று, அதுவே போதும் என்பாரும் உளர். ஸ்னாப்ஷாட் மூல வட்டினைச் சார்ந்து நிற்பது. மூலம் அழிந்தால் அதுவும் அழியும். ஷமூன் நிரலின் மற்றொரு வடிவத்தை ஆராய்ந்து 2017 சனவரியில் பாலோ ஆல்டோ நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட அறிக்கை இங்கே கருதத்தக்கது. அந்நிரலுக்குள் ஹுவாவேயின் மெய்நிகர் மேசைக்கணினி அமைப்புக்கு உரிய பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் இருந்தன. அவை அந்நிறுவனத்தின் கையேட்டிலேயே அச்சிடப்பட்டவை. அழிப்பிலிருந்து மீட்கும் ஸ்னாப்ஷாட்களையே குறிவைக்கும் உத்தியாக அது இருக்கலாம் என்பதே அறிக்கையின் எச்சரிக்கை. வீட்டுச் சாவியும் பெட்டகச் சாவியும் ஒரே வளையத்தில் தொங்கலாகாது. காப்புப்படிக் கிடங்கின் கடவுச்சொல் வேறாகவும், ஒரு படியேனும் குறித்த காலம் வரை எவராலும் அழிக்க இயலாததாகவும் இருத்தல் வேண்டும்.

அந்தப் படி வேறு இடத்திலும் இருத்தல் வேண்டும். 2024 ஏப்ரல் 16 அன்று அல் அய்ன் பகுதியில் ஒரே நாளுக்குள் 254 மில்லிமீட்டர் மழை பெய்ததை அமீரகத் தமிழர் மறவார். கீழ்த்தளத்தில் வைத்த இரண்டாம் படி வெள்ளத்தில் முதற்படிக்குத் துணைபோகும். ஆயினும் எதையும் சென்னைக்கு அனுப்பிவைக்கலாம் என்று எண்ணலாகாது. நோயாளர் தரவுகளை நாட்டிற்கு வெளியே கொண்டுசெல்வதை அமீரகத்தின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. துபாயில் ஒன்று, அபுதாபியில் ஒன்று என்பது அத்தகைய நிறுவனங்களுக்கு ஏற்ற வழி.

இது பொறியாளர் மட்டும் கவலைப்பட வேண்டியதா? சம்பளப் பதிவேடு இருக்கும் மெய்நிகர் கணினியில் ஒரு தொழிலாளி பணியில் சேர்ந்த நாளும் அடிப்படைச் சம்பளமும் உள்ளன. பல்லாண்டு உழைத்தவரின் பணிக்கொடை அவ்விரண்டையும் கொண்டே கணக்கிடப்படுகிறது. அது அழிந்தால் அவர் தம் உரிமையை நிறுவ அலைய நேரும். வழங்கியைக் காத்துவந்த ஊழியரோ வேலையையும், அதனோடு வதிவிட அனுமதியையும் இழக்கக்கூடும்.

ஆதலால் ஒவ்வொரு பெருநாள் விடுமுறைக்கும் முந்தைய வாரத்தில் ஒரு மெய்நிகர் கணினியைக் காப்புப்படியிலிருந்து மீட்டு, தனி வலையமைப்பில் இயக்கி, சம்பளப் பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்த்த படியே நம்பத்தக்க படி.